மரங்கள் மேல் விழுந்த பழி

அலுவலகத்தில் அவளை எல்லாரும் முதுகுக்குப் பின்னால் மில்லி என்றுதான் சொல்வார்கள். ஒரு நொடியை ஆயிரமாகக் கூறுபோட்டு, அதில் இரண்டு மூன்று கூறு எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்து, வீணாக்கிய ஆளின் மேஜைக்கே போய் நின்று கேள்வி கேட்பவள். கணினி விளையாட்டுகளை வேகமாக ஓடவைப்பதுதான் அவளுக்கு வேலை. அதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கோபத்திலும் இல்லை.

அந்த வருடம் அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு தபால்காரியைப் பற்றிய விளையாட்டு. மழை விடாத ஒரு மலை. உச்சியிலிருந்து சைக்கிளில் கடிதப் பையோடு இறங்க வேண்டும். வழுக்கும் பாதை, கொண்டையூசி வளைவுகள், இரண்டு பக்கமும் காடு. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் முன்னோட்டப் பதிப்பை நானூறு பேருக்கு அனுப்பியதும் வந்த கடிதங்களில் பாராட்டை விடத் திட்டுதான் அதிகம். "ஏழெட்டு நொடிக்கு ஒரு தடவை விக்கல் எடுக்குது." "வளைவுல திரும்பறப்ப படம் நின்னுடுது, மறுபடி அசையறதுக்குள்ள நான் பள்ளத்துல கிடக்கேன்." "புதுக் கம்ப்யூட்டர் வாங்கினவங்களுக்கு மட்டும்தான் இந்த கேமா?"

கடைசிக் கடிதத்தைப் படித்தபோது மில்லிக்குச் சுருக்கென்றது. வெளியீட்டுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. அவள் விளையாட்டை ஓடவிட்டு, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்தாள். நொடிக்கு அறுபது படம் திரைக்கு வந்தால்தான் கண்ணுக்கு வழவழவென்று தெரியும். ஒரு படத்துக்குக் கிடைப்பது பதினாறு மில்லி நொடி. அதில் ஒன்பதை மரங்கள் மட்டுமே தின்றுகொண்டிருந்தன. பட்டியலின் முதல் வரியிலேயே, சிவப்பில். அவள் இரண்டாவது பக்கத்தைப் புரட்டவே இல்லை. பிரதியெடுத்துக்கொண்டு நேராகக் கூட்டத்துக்குப் போனாள்.

மரங்களை வரைந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். எல்லாருக்கும் அவர் மரக்காரர். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். முதுகுவலிக்காக நாற்காலியில் ஒரு தலையணை வைத்திருப்பார். மதிய இடைவேளையில் தெருவில் நின்று அண்ணாந்து கிளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மில்லி காகிதத்தை அவர் முன்னால் தள்ளினாள்.

"சார், உங்க ஒரு மரத்துல எத்தனை இலைன்னு உங்களுக்காவது தெரியுமா?"

"தெரியும். பெரிய மரம்னா நாலாயிரத்து இருநூறு."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மில்லியை இன்னும் ஏற்றிவிட்டது.

"சைக்கிள்ல உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டு இறங்கறவ இலையை எண்ணிக்கிட்டா போவா? நீங்க உங்க ஆசைக்கு வரைஞ்சிட்டுப் போயிடறீங்க. அடி வாங்கறது நாங்க."

மரக்காரர் காகிதத்தை நிதானமாகப் படித்தார். "பாரம் ஜாஸ்திதான், ஒத்துக்கறேன். குறைக்கறேன். ஆனா விக்கல் மரத்தால வரலைன்னு தோணுது, மேடம். மரம் எப்பவும் ஒரே பாரம்தான் கொடுக்கும். இது விட்டு விட்டு வருதே."

"தோணறதை வச்செல்லாம் இங்க வேலை பண்ண முடியாது, சார். அளக்கறது என் வேலை. நீங்க பென்சிலைப் பிடிங்க."

மரக்காரர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அடுத்த பத்து நாள் அவர் மரங்களைக் கழித்துக்கொண்டே வந்தார். நாலாயிரம் இலை இரண்டாயிரமானது, பிறகு எண்ணூறு. காடு மொட்டையடித்த மாதிரி ஆயிற்று. தபால்காரி துடைப்பக் குச்சிகளுக்கு நடுவே இறங்கிவந்தாள். சராசரி வேகம் கூடியது உண்மைதான். முன்னோட்டம் பார்த்தவர்களின் கணினிகளில் விக்கல் மட்டும் அப்படியே இருந்தது.

மில்லிக்குத் தலைக்கேறிவிட்டது. அவர் மேஜைக்கே போய், நாலு பேர் கேட்க, "வேணும்னே அரைகுறையாப் பண்றீங்களா, சார்? சொன்னதைச் செய்யறதுல என்ன கஷ்டம்?" என்றாள். மேலாளர் காதுக்கு அது போகாமல் இருக்குமா. அவருக்கு வெளியீட்டுத் தேதி மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. மறுநாளே மரக்காரரைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார். அங்கே வேறொரு குழு, கைப்பேசிச் செயலிகளுக்குப் பொத்தான் வரைகிற குழு. தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் படியிறங்கிப் போனதை மில்லி பார்த்தாள். தொல்லை விட்டது என்றுதான் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் அந்த விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளும் அக்காவும் ஒரே வீட்டில்தான். அக்கா ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அவளுடைய மடிக்கணினிக்கு எட்டு வயது. மூடியில் ஒரு கீல் உடைந்து, பசை நாடா போட்டு ஒட்டியிருக்கும். பழைய கணினியில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் ஏது. அக்கா விளையாட, தங்கை பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடி நின்னுடுச்சு, பாரு" என்றாள் அக்கா.

"தெரியுது. எல்லாம் அந்த மரம்."

"எந்த மரம்?"

"காட்டுல இருக்கே, அது."

"நான் குகைக்குள்ள இருக்கேன்டி. இங்க ஏது மரம்?"

மில்லி குனிந்து பார்த்தாள். தபால்காரி மலையைக் குடைந்த சுரங்கப் பாதைக்குள் போய்க்கொண்டிருந்தாள். சுற்றிலும் பாறை, மேலே பாறை. மருந்துக்குக்கூட ஒரு இலை இல்லை. ஏழு நொடி கழித்துப் படம் மறுபடியும் விக்கியது.

"எழுந்திரு" என்றாள் மில்லி.

"மரியாதையாச் சொல்லு."

"எழுந்திரு, அக்கா."

அளக்கும் நிரலை அந்த மடிக்கணினியிலேயே ஏற்றினாள். இந்தமுறை சராசரியைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்த்தாள். தட்டையாகப் போன கோடு ஏழு நொடிக்கு ஒருமுறை செங்குத்தாக எகிறி விழுந்தது. அலுவலகத்துப் புதுக் கணினிகளில் அது கண்ணில் படாத சின்ன மேடு. இங்கே கோபுரம் மாதிரி நின்றது. எதனால் எகிறுகிறது என்று வரி வரியாகப் பின்னால் போனாள். மழைக்கு வந்து சேர்ந்தாள்.

மழை அவள் எழுதியது. ஒவ்வொரு துளிக்கும் கணினியின் நினைவகத்தில் புதிதாக இடம் கேட்டு வாங்கி, துளி தரையைத் தொட்டதும் அப்படியே போட்டுவிட்டுப் போகிற மழை. போட்ட குப்பை ஏழு நொடியில் நிரம்பிவிடும். கணினி எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுக் கூட்டிப் பெருக்கும். அதுதான் விக்கல். சுரங்கத்துக்குள் மழை கண்ணுக்குத் தெரியாதே தவிர, வெளியே கொட்டிக்கொண்டுதான் இருந்தது. கோப்பின் தலையில் அவள் கையாலேயே ஒரு குறிப்பு இருந்தது: 'தற்காலிகம். பிறகு ஒழுங்காக எழுத வேண்டும்.' மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

மேஜையை ஓங்கிக் குத்தினாள்.

"கம்ப்யூட்டர் என்னுது" என்றாள் அக்கா சமையலறையிலிருந்து.

சரிசெய்ய ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. ஆறாயிரம் துளிகளை ஆரம்பத்திலேயே உண்டாக்கிக்கொண்டு, தரையில் விழுந்ததையே மறுபடி மேலே ஏற்றிவிடும்படி மாற்றினாள். புதிதாக இடமும் கேட்பதில்லை, குப்பையும் சேருவதில்லை. எட்டு வயதுக் கணினியில் தபால்காரி எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கினாள். அக்கா மலையடிவாரம் வரைக்கும் ஒருமுறைகூட விழாமல் போய்ச் சேர்ந்தாள்.

"சரியாயிடுச்சே, ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

மில்லி நடந்ததைச் சொன்னாள். பென்சிலைப் பிடிங்க என்று சொன்னதையும் விடாமல் சொன்னாள். அக்கா மடிக்கணினியை மூடினாள்.

"எங்க லேப்ல ரிசல்ட் மாறிப் போச்சுன்னா, யார்கிட்ட தப்பாக் கொடுத்தோமோ அவங்களைத் தேடிப் போய்ச் சொல்லணும். மாத்தி எழுதி உள்ள வச்சிட்டாப் போதாது" என்றாள்.

திங்கட்கிழமை காலை மில்லி அக்காவின் மடிக்கணினியோடு மேலாளரிடம் போனாள். அவர் ஓடவிட்டுப் பார்த்து முகமெல்லாம் பல்லானார்.

"பிரமாதம். எனக்குத் தெரியும், நீங்க பிடிச்சிடுவீங்கன்னு."

"சார், தப்பு மரத்துல இல்ல. என் மழையில."

"அதனால என்ன? சரியாயிடுச்சில்ல. வெளியே எதுவும் சொல்ல வேண்டாம். காட்டைச் சீரமைச்சோம், வேகம் கூடிடுச்சுன்னு அறிக்கையில போட்டுக்கலாம்."

"அவரை நான் எல்லார் முன்னாடியும் கேவலப்படுத்தினேன், சார். நீங்க கீழ அனுப்பினீங்க."

"அவருக்குப் பொத்தான் நல்லா வருதாம். விடுங்க."

இத்தனை நாள் மற்றவர்கள் மேல் பாய்ந்த கோபம் இப்போது எங்கே போவது என்று தெரியாமல் அவள் நெஞ்சுக்குள்ளேயே சுற்றியது. அந்த ஆளின் சிரிப்பு, அவர் மேஜையில் பளபளத்த பேனாத் தாங்கி, எல்லாமே எரிச்சலாக இருந்தது. நேராகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள்.

மரக்காரர் நீல வட்டம் ஒன்றைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"சார், விக்கல் மரத்தால இல்ல. என் தப்பு. நீங்க அன்னைக்கே சொன்னீங்க. மன்னிச்சிடுங்க."

"அளந்தீங்களா?"

"அளந்தேன்."

"நல்லது." அவர் திரைக்கே திரும்பிவிட்டார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவர் வட்டத்தை இன்னொரு முறை பெரிதாக்கிவிட்டுப் பேசினார். குரல் உயரவில்லை.

"எதுக்கு வந்தீங்க, மேடம்? எனக்குச் சொல்லவா, இல்ல உங்க பாரத்தை இறக்கி வச்சிட்டுப் போகவா? பென்சிலைப் பிடின்னு சொன்னப்ப பதினோரு பேர் இருந்தாங்க. இப்ப நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். அன்னைக்கு வீட்டுக்குப் போய் என் சம்சாரம்கிட்ட என்ன ஆச்சுன்னு சொல்ல வாய் வரலை எனக்கு. மன்னிப்பெல்லாம் இங்க வேண்டாம். எங்க பேசினீங்களோ அங்க பேசுங்க."

தலையை ஆட்டிவிட்டு மேலே வந்தாள்.

மறுநாள் அதே கண்ணாடி அறை, அதே ஆட்கள், மரக்காரர் மட்டும் இல்லை. மேலாளர் அறிக்கையை வாசிக்க ஆரம்பித்ததும் மில்லி எழுந்தாள்.

"இதுல இருக்கிறது பொய். காட்டுக்கும் விக்கலுக்கும் சம்பந்தம் இல்ல. மூணு வருஷமா என் மழைதான் கேமை நிறுத்திட்டு இருந்திருக்கு. மரத்தை வரைஞ்சவர் இந்த அறையில வச்சே சரியாச் சொன்னார். நான் அவரை வாயை மூடுன்னு சொல்லாத குறையா அவமானப்படுத்தினேன். அளக்கறது என் வேலைன்னு சொன்னேன், ஆனா ஒழுங்கா அளக்கலை."

மேலாளரின் முகம் சிவந்தது. "இப்ப யார் கேட்டாங்க உங்களை?"

"யாரும் கேக்கலை, சார். கேக்க வேண்டியவரைத்தான் கீழ அனுப்பிட்டீங்களே."

"அந்த முடிவு நிர்வாகத்தோடது."

"நான் கொடுத்த தப்புக் கணக்கை வச்சு எடுத்த முடிவு. அதை மாத்துங்க. அவர் மேல வரணும், பழைய காடு திரும்ப வரணும். இப்ப அதுக்கு இடம் இருக்கு, நான் அளந்துட்டேன். அதுவரைக்கும் கேம் வெளியே போகலாம்னு என் கையெழுத்து கிடைக்காது."

"மிரட்டறீங்களா?"

"ஆமா, சார்."

வேகத்துக்கு அவள் கையெழுத்துப் போடாமல் எந்த விளையாட்டும் அங்கிருந்து வெளியே போனதில்லை. மேலாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து போனார். உன்னை ஒரு கை பார்க்கிறேன் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார். பிறகு பார்த்தும்விட்டார். அந்த வருடம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ஆனால் வெளியீட்டுத் தேதி அவர் கழுத்தில் கத்தி மாதிரி தொங்கியது. இரண்டு நாள் முறைப்புக்குப் பிறகு மரக்காரருக்கு மேலே வரச்சொல்லி உத்தரவு போயிற்று.

வியாழக்கிழமை அவர் தலையணையோடு படியேறி வந்தார். மூன்று பேர் எழுந்து நின்று கைகொடுத்தார்கள். மில்லியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. இலை குறைக்காத பழைய மரங்களைத் தூக்கியெறியாமல் வேறொரு இடத்தில் பத்திரமாக வைத்திருந்தார். தூரத்து மரங்களுக்கு மட்டும் இலையைக் குறைத்து, பாதையோர மரங்களுக்கு முழு இலையும் கொடுத்தார். இரண்டு வாரம் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அதைச் சரிபார்த்தார்கள். எத்தனை இலை, எத்தனை மில்லி நொடி. அதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. அவளை மேடம் என்று கூப்பிடுவதைக்கூட அவர் நிறுத்திவிட்டார். எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

குறித்த தேதியில் விளையாட்டு வெளியானது. பழைய கணினிக்காரர்கள் எழுதிய கடிதங்களை யாரோ சுவரில் ஒட்டிவைத்தார்கள். இப்போது காற்றில் இலை புரளுவது தெரிகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். மரக்காரர் அதன் முன்னால் நின்று இரண்டு முறை படித்தார்.

மில்லி தன் இடத்திலிருந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் ஏதாவது சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று, இனி மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் பாடு என்று உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் தன் மேலேயே அவளுக்கு வந்த கோபம் தணிந்திருக்கவில்லை.