விழுந்ததை எடுத்தவர்

பாகிட்டோ மொந்தெவெர்தேயின் துப்பாக்கி உறையிலிருந்து நழுவிக் கீழே விழும். எந்தப் போட்டியில் விழும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அதற்காக ஜோவெலின் பதினான்கு மாதமாகக் காத்திருந்தாள்.

விழும் என்பது அவளுக்கு அப்பா சொல்லித் தெரியும். கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் மொந்தெவெர்தே குடும்பம் அமைத்த சுடுகளத்தில் அப்பா எர்னிங் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தார். ஒருவர் சுட்டு முடித்ததும் ஓடிப்போய், அட்டை மனிதர்களின் மேல் விழுந்த ஓட்டைகளைப் பழுப்பு ஒட்டுத்தாளால் மூட வேண்டும். அடுத்தவர் சுடுவார். மறுபடி ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் சொல்லும் கதைகளில் அதுவும் ஒன்று: "இன்னிக்கும் சாருக்கு விழுந்துருச்சு. அந்தக் கைவச்ச நாற்காலியில உக்காந்துட்டு எந்திரிச்சாருன்னா மாட்டி இழுத்துரும். உறையோட திருகாணிய முறுக்கி வைங்கன்னா கேக்க மாட்டாரு. முறுக்கினா உருவ லேட்டாகுமாம்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அப்போது அது சிரிப்புக் கதையாகத்தான் இருந்தது.

இந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. சுடும் முறை வராத நேரத்தில் காலித் துப்பாக்கி கீழே விழுந்தால் குற்றமில்லை. ஆனால் அதை யாரும் தொடக் கூடாது. விழ விட்டவரும் தொடக் கூடாது. நடுவர் வந்து எடுத்து, குண்டு இல்லை என்று பார்த்து, உறையில் வைப்பார். தானே எடுத்தாலும் ஆளைவிட்டு எடுத்தாலும் துப்பாக்கிக்காரர் அன்றைய போட்டியிலிருந்தே வெளியே. பாகிட்டோவுக்கு இது தெரியாதா என்ன? ஆனால் அவர் துப்பாக்கி விழுந்தால் "எர்னிங்" என்று ஒரு சத்தம். அப்பா குனிந்து எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். உள்ளூர் நடுவர்கள் மத்தியானம் அவர் மேசையில் உட்கார்ந்து பன்றி வறுவல் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் கண்ணுக்கும் வானம்தான் தெரியும்.

பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு நாள், வெளியூர் நடுவர் ஒருவர் திரும்பிப் பார்த்தபோது அப்பாவின் கையில் துப்பாக்கி இருந்தது. பாகிட்டோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இந்த ஆள் என் உறையில் கையைவிட்டு உருவினான் என்றார். நாற்பது பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அப்பாவை ஒட்டுத்தாள் பையோடு வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் காவலர் கூண்டில் அவர் படத்தோடு ஒரு தாள்: "எர்னிங். ஒட்டுகிறவன். உள்ளே விடாதே." பத்தொன்பது வருஷத்தில் அவருடைய குடும்பப் பெயர் என்ன என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதுதான் ஜோவெலினுக்கு வசதியாகப் போயிற்று.

அவள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். வேதியியல். சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சாற்றின் இனிப்பை அளந்து எழுதுகிற வேலை. படிப்பு அவளுக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்திருந்தது: பெரிய மனிதர்கள் எழுதி வைத்த விதிகளைப் பெரிய மனிதர்கள் படிப்பதே இல்லை. அவள் விதிப் புத்தகத்தை வாங்கினாள். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மூன்று முறை படித்தாள். பிறகு உரிமத்துக்கு அலைந்தாள்; மருத்துவச் சான்று, மனநலச் சோதனை, காவல் நிலையச் சான்று. மனநலச் சோதனையில் "யார் மேலயாவது கோபமா இருக்கீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்று எழுதினாள். அது பொய்யென்று அவளுக்கு உறுத்தவில்லை. அவள் யாரையும் சுடப் போவதில்லை.

வருஷக் கடைசியில் வரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தில் ஒரு பழைய நைன் எம்எம் கைத்துப்பாக்கி வாங்கினாள். இரண்டு நாள் பாதுகாப்பு வகுப்பு. விசையிலிருந்து விரலை எடு, குழலை எப்போதும் அட்டைப் பக்கமே வை, நகரும்போது விரல் வெளியே. கல்லூரியில் முதல் வருஷம் அமிலத்தைக் கையாளக் கற்றதுபோலக் கற்றாள். வீட்டில் குண்டில்லாமல் உருவி உருவிப் பழகியதில் இடுப்பில் தோல் உரிந்தது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள், "அங்கயா போகப்போற?" என்று கேட்டார்.

"ஆமா."

"விட்டுரு இன்டாய், வேணாம் பொண்ணே. பத்தொன்பது வருஷம் சோறு போட்ட இடம்."

"நீங்க ஓடுனதுக்குப் போட்டாங்க."

அப்பா கோழிச்சண்டைக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தார். அங்கே ஒருவன் இடுப்பைப் பொத்திக்கொண்டு, "எர்னிங் வர்றான், உறைய மூடு" என்றிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு மாதமும் போட்டிக்கு முன் அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் விசாரித்தாள். நடுவர் யார்? உள்ளூர்க்காரர் என்றால் பெயர் கொடுக்க மாட்டாள். பதினான்காம் மாதம், கடலுக்கு அந்தப் பக்கம் இலோய்லோவிலிருந்து ஒரு பெண் நடுவர் படகில் வருகிறார், சாயங்காலப் படகில் திரும்புகிறார் என்று தெரிந்தது. நெனிதா, வார நாளில் அரசு மருத்துவமனையில் செவிலி. மொந்தெவெர்தே பன்றி வறுவலைத் தின்னாதவர். ஜோவெலின் பெயர் கொடுத்தாள். பாகிட்டோ இருக்கும் மூன்றாம் குழுவைக் கேட்டு வாங்கினாள்.

வாசலில் காவலர் அவள் அட்டையைப் பார்த்தார். ஜோவெலின் தலிசிக். வரிசையில் டிக் போட்டார். அவர் தலைக்கு மேல் ஒட்டிய தாளில் அப்பா வெயிலில் வெளுத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுவில் பதினோரு பேர். அவள் ஒருத்திதான் பெண், ஒருத்திதான் புதியவள். டாக்டர் கிகோ என்ற பல் மருத்துவர் கைகொடுத்து, "முதல் போட்டியா? கடைசி இடத்துக்கு நாங்க யாரும் போட்டி போட மாட்டோம்மா. நிம்மதியா எடுத்துக்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாகிட்டோ தன் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்து குளிர்ந்த கலமன்சி எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். அவள் தன் முக்காலியைக் கொண்டுபோய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள்.

முதல் சுற்றில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நெனிதா, "ரெடியா?" என்று கேட்டது கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. சுடச் சொல்லிக் கடிகாரம் கூவியதும் இத்தனை மாதம் படித்ததெல்லாம் காற்றில் போயிற்று. தடுப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு அட்டையைச் சுடவே மறந்தாள். "முடிச்சுட்டீங்களா?" என்று நடுவர் கேட்டபோது, பெருமையாக, "முடிச்சுட்டேன்" என்றாள். பின்னால் யாரோ இருமிச் சிரித்தார்கள்.

பாகிட்டோ நன்றாகச் சுடுவார். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஐம்பது வயதிலும் பூனை மாதிரி நகர்ந்தார். அவர் சுட்டு முடித்ததும் மற்றவர்கள் கைதட்டினார்கள். ஓட்டைகளை மூட ஓடியவர் பெர்டிங் என்ற புதிய ஆள். நாற்பது வயது, கால் கொஞ்சம் சாய்த்து நடப்பவர். அப்பாவின் வேலை, அப்பாவின் ஒட்டுத்தாள் பை.

முதல் சுற்று முடிந்தது. பாகிட்டோ உட்கார்ந்தார், எழுந்தார். துப்பாக்கி விழவில்லை. இரண்டாம் சுற்று. விழவில்லை. மூன்றாவது. மத்தியானம் கரியில் வாட்டிய கோழி வந்தது. அவர் எண்ணெய்க் கையோடு நாற்காலியில் இரண்டு முறை புரண்டு உட்கார்ந்தார். உறையின் வாயில் துப்பாக்கி ஒரு விரல் அளவு மேலே ஏறி நின்றது. ஜோவெலின் தட்டைக் கீழே வைத்தாள். துப்பாக்கி மறுபடி உள்ளே போயிற்று. தூரத்தில் ஆலைக்குப் போகிற கரும்பு வண்டி ஒன்று முனகியது. சாயங்காலப் படகு ஐந்து மணிக்கு. இன்றைக்கு விழாவிட்டால் இன்னொரு வெளியூர் நடுவர் எப்போது வருவாரோ.

நான்காவது, கடைசிச் சுற்று. நெனிதா அட்டைகளுக்கு நடுவே நின்று ஒருவரின் மதிப்பெண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அடுத்து பாகிட்டோ சார்" என்று யாரோ கூப்பிட்டார்கள். பாகிட்டோ நாற்காலியின் இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்தார்.

சரளைக்கல்லில் இரும்பு விழுந்த சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கரண்டி விழுந்த மாதிரி.

பதினோரு பேரில் எட்டுப் பேர் உடனே வானத்தைப் பார்த்தார்கள். பாகிட்டோ தலையைக்கூடத் திருப்பவில்லை. "பெர்டிங்" என்றார்.

பெர்டிங் பாதி குனிந்துவிட்டார். ஜோவெலின் முக்காலியைவிட்டு எழுந்து அவர் நெஞ்சுக்குக் குறுக்கே கையை நீட்டி, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள்.

"நீங்க எடுக்காதீங்க நோங். போன தடவை எடுத்தவரு எங்கப்பா."

பெர்டிங் அப்படியே நிமிர்ந்தார். ஒட்டுத்தாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். ஜோவெலின் ஒரு கையை உயரத் தூக்கி, நடுவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அட்டைகளுக்கு நடுவிலிருந்து நெனிதா திரும்பினார். முப்பது மீட்டர். நடந்து வர அரை நிமிஷம் ஆகும்.

அந்த அரை நிமிஷம்தான் எல்லாமே. பாகிட்டோ செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. நிற்க வேண்டும். அவ்வளவுதான். காலடியில் துப்பாக்கி கிடக்க, எல்லோரும் பார்க்க, ஒரு செவிலி வந்து எடுத்துக் கொடுக்கும்வரை நின்றால் ஒரு புள்ளிகூடக் குறையாது. ஜோவெலின் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடவில்லை. அவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், ஆலையில் புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னாள்:

"நடுவர் வந்து எடுத்துக் குடுப்பாங்க சார். நீங்க சும்மா நின்னாப் போதும். ஒண்ணும் ஆகாது."

உண்மையைத்தான் சொன்னாள். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. தன் வாயிலிருந்து வந்தால் அவர் அதைக் கேட்க மாட்டார் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

பாகிட்டோ அப்போதுதான் அவளை முதல்முறையாகப் பார்த்தார். "எனக்கு நீ ரூல் சொல்லித் தர்றியா?"

"ஆமா சார்."

"நீ யாரு?"

"எர்னிங் மக. ஒட்டுகிறவன்னு வாசல்ல எழுதி வச்சிருக்கீங்களே, அவரு."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தோட்டத்து ஆட்கள் கூலி கூட்டிக் கேட்டால் வருகிற சிரிப்பு. டாக்டர் கிகோ மெல்ல, "பாகிட்டோ, நில்லு" என்றார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. என் மண்ணில் என் பொருளை எடுக்க நான் யாருக்குக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பாகிட்டோ குனிந்தார். எடுத்தார். மண்ணை ஊதினார். உறையில் போட்டார்.

நெனிதா பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார். கையிலிருந்த பலகையைப் பார்த்தார், பிறகு பாகிட்டோவைப் பார்த்தார்.

"சார், உங்க போட்டி முடிஞ்சுது. துப்பாக்கிய என் முன்னாடி பெட்டியில வச்சுப் பூட்டிருங்க."

"தெரியுமா, இது என் நிலம்."

"நிலம் உங்களோடதுதான் சார். போட்டி இல்ல."

பாகிட்டோ சுற்றிலும் பார்த்தார். வானம் பார்க்கிறவர்களைத் தேடினார். நெனிதா தாளில் எழுதி, நேரம் குறித்து, கையெழுத்துக்கு நீட்டினார். அவர் வாங்கவில்லை. "கையெழுத்து இல்லாட்டியும் செல்லும்" என்றார் நெனிதா, ஊசி போட மறுக்கிற நோயாளியிடம் பேசும் குரலில். டாக்டர் கிகோ தன் பேனாவை எடுத்து, "நானும் பாத்தேன். எங்க போடணும்?" என்றார். போன தடவையும் அவர் பார்த்தார். அப்போது பேனா பையிலேயே இருந்தது. ஜோவெலின் அதை மறக்கவில்லை. அவருக்கு நன்றி சொல்லவும் இல்லை.

பாகிட்டோவின் வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கைவைத்த நாற்காலி மட்டும் நின்றது. அதை மடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க யாருக்கும் கை வரவில்லை. ஜோவெலினுக்குப் பாவமாக இல்லை. அப்படி ஏதாவது வருகிறதா என்று ஒரு நிமிஷம் உள்ளே தேடிப் பார்த்தாள். இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான். கொதிகலனில் சாறு கெட்டியாகிப் பாகாகும்போது வருகிற இனிப்பு, நாக்கை எரிக்கும்.

அடுத்து அவள் முறை. ஆறு அட்டையில் இரண்டைத் தவறவிட்டாள், ஒரு இரும்புத் தகட்டை விழவைக்க ஐந்து குண்டு. சுட்டு முடித்ததும் பெர்டிங்கோடு ஓடி, தன் ஓட்டைகளைத் தானே மூடினாள். "நீ விடு இன்டாய், இது என் வேலை" என்றார் அவர். "மூட அதிகம் இல்ல நோங்" என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

முடிவுத் தாளை எப்போதும் காவலர் கூண்டில்தான் ஒட்டுவார்கள். எல்லோரும் தங்கள் பெயரை மேலிருந்து தேடினார்கள். அவள் கீழிருந்து தேடினாள். முப்பத்தெட்டாம் இடம், ஜோவெலின் தலிசிக். சுட்டவர்களில் கடைசி. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. மொந்தெவெர்தே, பாகிட்டோ. எண் இருக்க வேண்டிய இடத்தில் நீக்கம் என்று மட்டும் அச்சாகியிருந்தது.

அதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. பிறகு பதில் வந்தது: "யார் எடுத்தது?"

"அவரே" என்று எழுதினாள்.

முடிவுத் தாளுக்கு மேலே அப்பா வெளுத்துப்போய் இருந்தார். ஜோவெலின் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினாள். பசை காய்ந்திருந்தது; தாள் முழுசாக உரிந்து வந்தது.

காவலர் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "அத எடுக்கக் கூடாதும்மா. சார் சொன்னாத்தான் எடுக்கணும்."

"சார் அதச் சொல்ல ரொம்ப நேரம் ஆகும்" என்று சொல்லித் தாளை நான்காக மடித்துத் துப்பாக்கிப் பையில் வைத்துக்கொண்டு, சாலையை நோக்கி நடந்தாள்.