ஐந்து கோடியில் ஒன்று

2008 செப்டம்பர் பத்தாம் தேதி, புதன்கிழமை மதியம் உலகம் அழியப்போகிறது என்பது தேவாரத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜெனீவா பக்கம் பூமிக்கு அடியில் இருபத்தேழு கிலோமீட்டர் சுற்றளவுக்குக் குழாய் பதித்து, அதில் அணுத்துகள்களை மோதவிடப் போகிறார்கள், கருந்துளை பிறந்து பூமியை விழுங்கிவிடுமாம் என்று செவ்வாய்க்கிழமை பேப்பரில் முதல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அதே பேப்பரின் ஏழாம் பக்கத்தில், தேனி மாவட்டத்தில் புதன்கிழமை இடியுடன் மழை பெய்யலாம் என்று இருந்தது. ஏழாம் பக்கத்தை யாரும் வாசிக்கவில்லை.

என் பெயர் ஜேசுராஜ். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பலவேசம் என் வீட்டுக்கு வந்தார். மலையடிவாரத்தில் ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சை வைத்திருப்பவர். பந்தல் முழுக்கப் பழம் கறுத்துத் தொங்கியது. புதன்கிழமை வெட்டியாக வேண்டும். பழுத்த கொத்தில் ஒரு மழை விழுந்தால் தோல் வெடித்துவிடும். அப்புறம் வியாபாரி தோட்டத்துப் பக்கமே திரும்பமாட்டார்.

"பழம் வெட்ட பாண்டியம்மா செட்டு வரமாட்டேங்குது சார். சாகுறதுன்னா பிள்ளைகளோட சாகுறோம், உங்க பந்தலுக்கு அடியில எதுக்குச் சாகணும்ங்குறாக. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். சயின்ஸ் சார் சொன்னா கேப்பாக."

போனேன். பாண்டியம்மாள் வீட்டு வாசலில் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் சாக்பீஸ் கொண்டுபோனது தப்பு. சுவரில் வட்டம் போட்டு விளக்கினேன். இதைவிட வேகமான துகள்கள் வானத்திலிருந்து தினமும் நம் தலையில் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன, இத்தனை கோடி வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்றேன். தலையில் விழுகிறது என்றதும் இரண்டு பேர் முக்காடு போட்டுக்கொண்டார்கள்.

பாண்டியம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள். "அதெல்லாம் இருக்கட்டும் சார். அழியுமா, அழியாதா?"

"அழியறதுக்கு அஞ்சு கோடியில ஒரு வாய்ப்புன்னு எழுதியிருக்காக." எங்கோ வாசித்த எண். யார் உட்கார்ந்து எண்ணினார்கள் என்று அதில் போடவில்லை.

"அப்ப இருக்குங்குறீக."

"இல்லைன்னே வச்சுக்கலாம்."

"அதென்ன வச்சுக்கிறது? இருக்கா, இல்லையா?"

தோராயமாகப் பூஜ்யம் என்று எழுதவேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யம் எழுதிய பிள்ளைகளுக்கு இருபது வருஷமாக மார்க் குறைத்தவன் நான். பலவேசம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது.

"இல்ல," என்றேன். "பூஜ்யம்."

"அப்பச் சரி. காலையில ஆறரைக்கு பஸ் ஸ்டாப்புக்கு வண்டிய அனுப்பச் சொல்லுங்க," என்றாள் பாண்டியம்மாள். பலவேசம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். மகள் ஜான்சி உத்தமபாளையத்தில் கல்லூரி விடுதியில் இருந்தாள். ஐந்து கோடியில் ஒன்றை மனதுக்குள் எத்தனையோ விதமாக வகுத்துப் பார்த்தேன். அற்பமான எண்தான். ஆனால் அந்த ஒன்றில் அவள் அங்கேயும் நான் இங்கேயும் இருந்தோம். பயமாக இருந்தது. இருபது வருஷம் பாடம் நடத்திவிட்டு இப்படிப் பயப்படுவது வெட்கமாகவும் இருந்தது. போன் போட்டு, காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடு என்றேன். ஏன் என்று கேட்டாள். அம்மாவுக்குத் தலைவலி என்றேன். பக்கத்தில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முதல் பஸ் ஆறரைக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். பழம் வெட்டுகிறவர்கள் ஆறரைக்கு எங்கே நிற்பார்கள் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் நான் காத்து நிற்க, ஜான்சி பையோடு இறங்கினாள். கத்தரிக்கோலும் தூக்குவாளியுமாக நின்ற பத்துப் பேரும் பார்த்தார்கள்.

"என்ன பாப்பா, லீவா?" என்று பாண்டியம்மாள் கேட்டாள்.

"இல்லக்கா. அப்பாதான் உடனே வரச் சொன்னாக."

பாண்டியம்மாள் என் பக்கம் திரும்பினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "வாங்கடி, பிள்ளைக தேடும்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். பலவேசத்தின் வண்டி வந்தபோது அங்கே நானும் ஜான்சியும்தான் நின்றோம்.

மதியம் டிவியில் விஞ்ஞானிகள் கைதட்டினார்கள். உலகம் இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்று மணிக்கு மலையிலிருந்து இடியோடு மழை இறங்கியது. ஒரு மணி நேரம் விடவில்லை.

மழை விட்டதும் தோட்டத்துக்குப் போனேன். பலவேசம் பந்தலுக்கு அடியில் நின்றார். கொத்துக் கொத்தாகப் பழம் வெடித்துச் சாறு அவர் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை அப்படியே ஒப்பித்தேன்.

"பழம் போனாப் போகுது சார். அடுத்த வெட்டுக்குப் பாத்துக்கலாம்," என்றார். கோபமே இல்லை. ஒரு வெடித்த பழத்தைப் பிய்த்துக் கீழே போட்டார். அப்புறம் தயங்கிக்கொண்டே கேட்டார்.

"எம் மக பூமாரி திருப்பூர்ல பனியன் கம்பெனி ஹாஸ்டல்ல இருக்கா. உங்க மகளுக்குப் போன் போட்டீகல்ல, அப்ப எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார்? நானும் அவளக் கூப்பிட்டிருப்பேன்."