தொண்ணூற்றெட்டில் மட்டும் திறக்கும் கடிதம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் கீழவாசலில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் கிளாட்சன் சொன்னது. என் கையெழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்று திட்டிக்கொண்டே என் கதைகளை அடித்துத் தருகிறவர் அவர். ஒருநாள் கரண்ட் போயிருந்தபோது இதைச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"எழுதுங்க சார். ஆனா நான் சொன்னத சொன்னபடி எழுதுங்க."

சரியென்று தலையாட்டிவிட்டேன். தலையாட்டக் கூலியா கொடுக்கவேண்டும்? ஆனால் அவர் பேச்சில் சொன்னதை நான் அச்சுத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே வாக்கு மீறியாகிவிட்டது.

2

[காவிரி இரு கரையும் தொட்டு ஓடிய ஓர் ஆடி மாதக் காலையில்]

எழுதியதுமே வெட்டிவிட்டேன். நடந்தது 2006 வைகாசியில். ஆற்றில் மணல்தான் கிடந்தது.

[கிளாட்சன் கம்ப்யூட்டரில் ஒரு]

ஒரு என்ன? மேதையா? அவரே சிரிப்பார். அவருக்குத் தெரிந்தது தட்டச்சு. மனு, பத்திரிகை, சபை நோட்டீஸ் என்று இருபத்தைந்து வருஷமாகத் தட்டுகிறார். சொன்னதைப் பிசகாமல் அடிப்பேன் என்பதுதான் அவருடைய ஒரே கர்வம். இந்தக் கதையில் பணயம் வைக்கப்படுவதும் அதுதான்.

3

மெலட்டூர் பக்கத்திலிருந்து அம்சம் என்கிற அம்மா, மகள் இசைவாணியின் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார். கூட மகன் செழியன். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை. ஏழு வருஷம் கழித்து அப்போதுதான் முதல்முறையாக ஊருக்கு வந்திருந்தான்.

அப்பா வீரையன் பெயரைப் பத்திரிகையில் மேலே போடச் சொன்னார் அம்சம். அண்ணன்காரன் பெயரைக் கீழே போடப் போனபோது, என் பேரு வேண்டாம் என்றான் செழியன். செத்தாலும் வராதே என்று எழுதியவர் பெயருக்குக் கீழே தன் பெயர் எதற்கு, வெள்ளிக்கிழமையே கிளம்புகிறேன், கல்யாணத்தை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்றான்.

வீரையனின் அப்பா அடுத்தவர் வயலில் உழைத்தே போனவர். வீரையன் போராடி ஒன்றரை ஏக்கர் பெற்றார். அந்தச் சேற்றில் இறங்கமாட்டேன் என்று மகன் கப்பலேறினான். பேச்சு நின்றது. போனில் சொன்னால் காற்றோடு போய்விடும் என்று, எழுதத் தெரியாத வீரையன் கிளாட்சனிடம் வந்து ஒரே ஒரு கடிதம் சொல்லி அனுப்பினார். அது 2000ஆம் வருஷம். மறு வருஷம் போய்ச் சேர்ந்தார். செழியன் வரவில்லை.

"எங்க வீட்டுக்காரரு அப்படிச் சொல்லவே இல்ல. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்" என்றார் அம்சம்.

மகன் அந்தக் கடிதத்தைச் சிங்கப்பூரிலேயே கிழித்துப் போட்டிருந்தான். இருவரும் கிளாட்சனைப் பார்த்தார்கள். அவருக்கோ ஒரு வார்த்தை ஞாபகமில்லை.*

"சொன்னததான் அடிச்சிருப்பேன். ஃபைல் இருக்கு, பாத்துடலாம்."

(* தட்டச்சுக்காரர்களுக்கு இது உண்டு. காதில் விழுந்தது விரல் வழியாகப் போய்விடும், மனசில் தங்காது. நம்பாதவர்கள் கேட்டுப் பாருங்கள்.)

4

பார்த்துவிட முடியவில்லை. பழைய கம்ப்யூட்டர் முந்தைய ஐப்பசி மழையில் கடை ஒழுகிச் செத்திருந்தது. அதன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் துண்டில் சுற்றி வைத்திருந்தார். புதுக் கம்ப்யூட்டரில் அதை மாட்டிக் கடிதத்தைத் திறந்தால், ரோமன் எழுத்தும் டாலரும் கேள்விக்குறியுமாக வந்தது. அந்தத் தமிழை அடித்த பழைய மென்பொருள் விண்டோஸ் 98இல்தான் ஓடும். புதுசு அதைப் படியேறவே விடவில்லை.

சரி, புதுக் கம்ப்யூட்டரில் தொண்ணூற்றெட்டையே ஏற்றிவிடுவோம் என்று உட்கார்ந்தார். புது மருமகள் வீட்டில் பழைய மாமியாரைக் குடிவைத்த கதைதான். திரை பதினாறு நிறத்தில் வந்தது. மவுஸ் அசையவில்லை. எல்லாவற்றையும் சரிக்கட்டினால், கடைசியில் 'மெமரி போதவில்லை' என்று சொல்லி நின்றது. அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே! பழையதைப்போலப் பதினாறு மடங்கு மெமரி இருந்தது அதில்.

சர்வீஸ் பார்க்கும் ரெமிஜியஸுக்குப் போன் போட்டார். அவன் சிரித்தான்.

"பத்தாம இல்லண்ணே, ஜாஸ்தி. அவ்வளவையும் வச்சுக்க அதுக்குத் தெரியாது. ரெண்டு மெமரி குச்சியில ஒண்ண உருவிடுங்க."

ஆட்டுக்கு வாலை அளந்துதான் வைக்கவேண்டியிருக்கிறது. ஒன்றை உருவினார். தொண்ணூற்றெட்டு சமர்த்தாக எழுந்து உட்கார்ந்தது.

[நினைவு அதிகமானால் மனிதனும்]

இந்த இடத்தில் ஒரு பக்கம் தத்துவம் எழுதியிருந்தேன். நல்லவேளை, எனக்கே வெட்கமாகிவிட்டது.

5

வெள்ளிக்கிழமை காலை. செழியன் பையோடு வந்திருந்தான். கம்ப்யூட்டர் எழுந்திருக்க நேரமாகவே, மூன்று டீ வாங்கிவர எதிர்க்கடைக்குப் போனான். அவன் அந்தப் பக்கம் போனதும் கடிதம் திறந்தது. சுத்தமான தமிழ். கிளாட்சன் அம்சத்துக்கு வாசித்துக் காட்டினார்.

'அன்புள்ள மகன் செழியனுக்கு, நலம், நலமறிய ஆவல். குறுவை நடவு முடிந்தது. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. நான் இறந்தாலும் நீ வரவேண்டும் என்பதில்லை.'

கிளாட்சனுக்கு மூச்சு வந்தது. பையன் சொன்னது சரி, தான் அடித்ததும் சரி. இந்த அம்மாவுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று திரும்பினால், அம்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதான் தம்பி, இதேதான். 'நான் செத்தாத்தான் நீ வரணும்னு இல்லடா'ன்னாரு. உசிரோட இருக்கப்பவே வாடான்னு கூப்பிட்டாரு. அவன்தான் புரிஞ்சுக்கல."

கிளாட்சன் திரையைப் பார்த்தார். செத்தாத்தான். இறந்தாலும். பேச்சைக் கடிதத் தமிழுக்கு மாற்றும் அவசரத்தில் 'தான்' போய் 'உம்' வந்து உட்கார்ந்திருந்தது. கூப்பிட்ட அப்பனை விரட்டிய அப்பனாக்கியது அவருடைய விரல். அம்சத்தின் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவர் கிளாட்சன் ஒருவர்தான்.

'இறந்தாலும்' பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. செழியன் டீயோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தான்.

6

முடிவு ஒன்று: கிளாட்சன் அதை 'இறந்தால்தான்' என்று திருத்திவிடுகிறார். நாலு தட்டு, அவ்வளவுதான். திரையில் நிற்பது உண்மையாகிவிடுகிறது. ஆனால் செழியன் என்ன நினைப்பான்? நானே தப்பாகப் படித்து அப்பன் சாவுக்குப் போகாமல் இருந்துவிட்டேனே என்று ஆயுசுக்கும் சுமப்பான். இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை.

முடிவு இரண்டு: அவன் வருவதற்குள் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிவிடுகிறார். அம்மாவுக்கு ஒரு வீரையன், மகனுக்கு ஒரு வீரையன். அவன் பஸ் ஏறுகிறான்.

முடிவு மூன்று: "தப்பு என்னுதுப்பா" என்கிறார். அப்புறம் அவன் கையிலிருக்கும் சூடான டீயைப் பற்றி நான்…

நடந்தது எது? அவர் இந்த இடம் வரைக்கும்தான் சொன்னார். கரண்ட் வந்துவிட்டது, திரும்பி உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் மாதிரிப் பத்திரிகைகள் கிடக்கும். இசைவாணி கல்யாணப் பத்திரிகையும் கிடக்கிறது, பார்த்தேன். வீரையன் பெயருக்குக் கீழே செழியன் பெயர் இருக்கிறது. ஆக இரண்டாவது இல்லை. முதலாவதா மூன்றாவதா என்பதைப் பத்திரிகை சொல்லவில்லை.

7

ஒன்று மறைத்துவிட்டேன். கையெழுத்துப் பிரதியில் அவர் பெயரை நான் கிளாட்சன் என்று எழுதவில்லை. கடைக்காரருக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதே என்று பெரியநாயகசாமி என்று வைத்திருந்தேன். ஊரையும் கும்பகோணமாக மாற்றியிருந்தேன். அம்சம் பேசியதையெல்லாம் நல்ல தமிழில் திருத்தியும் வைத்திருந்தேன்.

இதுவரை எழுதியதை அவரிடமே அடித்து வாங்கிவந்து பார்த்தால், அம்சம் பேசினபடியே பேசுகிறார். ஊர் தஞ்சாவூர், கீழவாசல். பெரியநாயகசாமி இருந்த இடத்திலெல்லாம், ஒன்று விடாமல், கிளாட்சன்.

பிழை என்று நினைத்துப் போய்க் கேட்டேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

"சரியாத்தான் அடிச்சிருக்கேன் சார். இருக்கட்டும்."

அன்றைக்குச் செழியனிடம் தப்பை ஒப்புக்கொண்டவர் இப்போதும் ஊரறியச் சொல்கிறாரா, அல்லது அன்றைக்குச் சொல்லாததை இப்போதுதான் சொல்கிறாரா? எனக்குத் தெரியவில்லை. இப்போதும், இப்போதுதான். 'உம்' போடுவதா 'தான்' போடுவதா என்பதை இந்தத் தடவை நீங்கள் முடிவுசெய்யுங்கள்.