மஞ்சள் பூசிய முன்சுவர்

"அக்கா, வீட்டுக்குள்ள ஒரு குறையும் இல்ல. ஆனா வாங்க வாற ஆளுங்க வாசல் கேட்டோடயே திரும்பிப் போறாங்களே!" என்றான் வீட்டுத் தரகன் அஸ்ஹர். "முன்பக்கத்தைக் கொஞ்சம் பார்க்கிற மாதிரி ஆக்குங்க."

அவன் சொன்னதில் பொய்யில்லை. ஹாலிஎலயில் ரயில் பாதைக்கு மேலே, சரிவில் நின்றது அந்த வீடு. மழை ஊறி ஊறி முன்சுவர் முழுக்கப் பாசி. கூரைத் தண்ணீர் வடியும் பீலி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. றோசாலி சமையலறைக் கதவு வழியாகவே போய்வந்து பழகியதால் வீட்டின் முகத்தைப் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது.

அவள் கணவன் ஜீவராஜுக்குப் போன் செய்தாள். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. அவன் மொனராகலைப் பக்கம் கரும்பு லொறிகளுக்கு மெக்கானிக். வேலைக்கென்று போனவன், முதலில் வாரம் ஒருமுறை வந்தான். அப்புறம் மாதம் ஒருமுறை, அப்புறம் நத்தார் பண்டிகைக்கு மட்டும். ஆறு வருடமாக அதுவும் இல்லை. பிள்ளைகள் இல்லை. சண்டையும் இல்லை. பிரிந்துவிட்டோம் என்று இருவருமே வாயால் சொன்னதில்லை. வீட்டை விற்றுவிடலாம் என்று பேசியபோதுதான் அது சொல்லாமலே உறுதியானது.

சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கியவன் கேட்டருகே விருந்தாளியைப் போல நின்றான்.

"உள்ள வரலாமா?"

"இதென்ன கேள்வி? வாங்க."

அன்றே ஏணியைச் சாத்திப் பீலியைக் கட்டினான். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஆளுக்கொரு கம்பிப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு இரண்டு மூலைகளிலிருந்தும் பாசியைத் தேய்த்துக்கொண்டே நடுவுக்கு வந்தார்கள். "அந்த வாளியைக் கொஞ்சம் தள்ளு", "பாத்து, வழுக்கும்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

பக்கத்து வீட்டு ரஹ்மத்தும்மா வேலிக்கு மேலே தலையை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அல்ஹம்துலில்லாஹ்! அவரு வந்துட்டாரா? நான் எத்தன நாள் துஆ கேட்டேன் தெரியுமா மகள்!"

மதியம் கோழிக்கறியும் சோறும் அனுப்பி வைத்தார். அவன் தங்குவதற்கு வரவில்லையென்று சொல்ல றோசாலிக்கு நா எழவில்லை. முன்வாசல் படியில் உட்கார்ந்து, அந்தச் சந்தோஷத்துக்குச் சமைத்ததைத் தலைகுனிந்து சாப்பிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவன் பெயிண்ட் வாளிகளோடு வந்தான். மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். இளமஞ்சள். வீடு கட்டி முடித்த காலத்தில் அவள் ஆசைப்பட்டுக் கேட்ட நிறம். அழுக்குப் பிடிக்குமென்று சொல்லி அவன்தான் சாம்பல் நிறம் அடித்தான்.

"அஸ்ஹர் வெள்ளைதானே சொன்னாரு?"

"நீ அப்ப கேட்ட கலரு."

"இப்ப எதுக்கு?" என்றாள். "போகப்போற வீட்டுக்கு இப்ப எதுக்குங்க?"

அவன் குச்சியால் பெயிண்ட்டைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "இனி அழுக்குப் பிடிச்சாலும் நமக்கு என்ன" என்றான் கடைசியில். வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அடித்து முடித்த மாலையில் றோசாலி ரயில் பாதை வரை இறங்கிப்போய் ஏறிட்டுப் பார்த்தாள். வெயில் சாய்ந்த நேரம். யாரோ நன்றாக வாழ்கிற வீடு போல இருந்தது. அந்த எண்ணம் தந்த தைரியத்தில்தான் மேலேறி வந்து கேட்டாள்.

"இப்படியே இருந்துட்டா என்ன?"

பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

"அங்க எனக்குப் பழகிப்போச்சு றோசாலி."

"யாரோட?"

"யாரும் இல்ல. தனியா இருக்கத்தான்."

அவள் இத்தனை வருடமும் மனதுக்குள் ஒரு பெண்ணை வைத்து, அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இப்போது சண்டை போடக்கூட ஆளில்லை என்று தெரிந்தது. உள்ளே போய்த் தேத்தண்ணி வைத்தாள்.

பண்டாரவளையிலிருந்து வந்த இளம் தம்பதிக்குக் கேட்டடியிலேயே வீடு பிடித்துவிட்டது. மனைவி நிலக்ஷனா ஒரு டீச்சர். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இவ்வளவு ஆசையா வச்சிருக்கீங்க. ரெண்டு பேருக்கும் விக்க எப்படி மனசு வந்திச்சு?"

"ரெண்டு பேருக்கு இது பெரிய வீடும்மா" என்றான் ஜீவராஜ்.

புறப்படும் நாளில் ரஹ்மத்தும்மா றோசாலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "போற இடத்துல ஒண்ணா நல்லா இருங்க மகள். அவர இனித் தனிய விட்டுராதீங்க."

"சரி உம்மா."

பதுளையில் கையெழுத்துப் போட்டு முடித்து, பஸ் நிலையம் வரை சேர்ந்தே நடந்தார்கள். மொனராகலை பஸ் புறப்படத் தயாராக இருந்தது. "சாப்பிட்டுட்டுப் போ" என்றான். "நீங்களும்" என்றாள். அவன் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தான். பஸ் திரும்பும் வரை கை காட்டினான்.

அவள் வாடகைக்கு எடுத்திருந்த அறை ஒரு சந்துக்குள் இருந்தது. வீட்டுக்கார இராக்கம்மா சாவியை நீட்டிக்கொண்டே அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வேற யாரு வாறாங்க?"

ஆறு வருடமாக யார் கேட்டாலும், 'அவரு அங்க வேலையில இருக்காரு' என்று சொல்லியே பழகிய வாய் ஒரு கணம் தடுமாறியது.

"யாருமில்லங்க. நான் ஒருத்திதான்" என்றாள் றோசாலி.