கொறச்சு சரிவு

செல்வமணி குளியலறையின் நடுவில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுக் காத்திருந்தான். தண்ணீரும் காத்திருந்தது. மூலையில் இருந்த ஓட்டைக்குப் போவதா, இங்கேயே குடியிருப்பதா என்று அதற்கு ஒரு முடிவும் எட்டவில்லை.

பதினோரு வருஷம் கான்ட்ராக்டர் யூசுப்பிடம் டைல்ஸ் ஒட்டியவன், தனியாகப் பிடித்த முதல் வேலை இது. ஸ்ரீவராகத்தில் பட்டாபி வீடு. அந்தத் தெருவில் ஒரு வீட்டில் பேர் எடுத்தால் தெரு முழுக்கப் பேர். கெட்டாலும் தெரு முழுக்கத்தான். கெட்டால் யூசுப்பிடமே திரும்பப் போய் நிற்க வேண்டும். அவரோ, "எப்ப வேணும்னாலும் வாடே, கதவு தெறந்தேதான் கெடக்கும்" என்று சிரித்து அனுப்பியிருந்தார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

சொந்தத் தொழிலில் ஜெயிக்கப் பத்து யோசனை என்று ஒரு வீடியோவை இரண்டு முறை பார்த்திருந்தான். விசிட்டிங் கார்டு அடி. போன் மூன்றாவது தடவை அடிப்பதற்குள் எடு. வாடிக்கையாளர் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்காதே. எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் செய்தான். மூன்றாவதுதான் காலை வாரிவிட்டது.

பட்டாபி போனில் சொன்னது இவ்வளவுதான்: "பாத்ரூம்ல கொறச்சு சரிவு வேணும், கேட்டயோ?"

வீட்டு மாமி சூடாமணிக்கு முட்டுவலி. வழுக்கக் கூடாதென்று சரிவைக் குறைக்கச் சொல்கிறார் என்று தானாகவே காரணமும் கண்டுபிடித்து, தன் அறிவைத் தானே மெச்சிக்கொண்டு, தரையைக் கேரம்போர்டு மாதிரி ஒட்டிக் கொடுத்துவிட்டான்.

பட்டாபி எட்டிப் பார்த்தார். தேங்கிய தண்ணீரில் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது.

"கொறச்சு நேரம் ஆனா போயிடுமோ?"

செல்வமணிக்கு அப்போதுதான் உறைத்தது. கொறச்சு! மலையாளி யாராவது சொல்லியிருந்தால் 'கொஞ்சம்' என்று சட்டென்று புரிந்திருக்கும். தமிழர் சொன்னதால் தமிழ் என்று நம்பிவிட்டான். நாலு தலைமுறையாக இந்த மலையாள மண்ணிலேயே இருக்கும் பட்டாபிக்கோ, தான் பேசுவதில் பாதி மலையாளம் என்பதே தெரியாது.

'இறுகினா சரியாயிடும் சார்' என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே போய் மனைவி இசக்கிக்குப் போன் போட்டான்.

"அப்படிச் சொல்லிட்டு வந்திராதீக," என்றாள். "அந்த மாமி வழுக்கி விழுந்தா, ஒங்க கார்ட வச்சா தண்ணியத் தொடைப்பாக?"

உள்ளே வந்தான். "போவாது சார். நான் ஒட்டுனதுதான் தப்பு. என் செலவுல ஒடச்சு ஒட்டித் தாரேன்."

புத்தம்புதுத் தரையில் உளி விழுந்த சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு விஷ்ணுப்ரியா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "என்ன மாமா, நேத்து ஒட்டினதை இன்னிக்கு ஒடைக்கறார்?"

"சரியில்லேன்னு அவனே சொன்னான்," என்றார் பட்டாபி, ஏதோ தானே பெற்று வளர்த்த பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. "இந்த ஊர்ல எவன் சொல்லுவன்?"

"அப்போ எங்காத்திலும் கொறச்சு வேலை இருக்கு. கார்டு இருக்கோ?"

செல்வமணி உளியைக் கீழே வைத்தான். வீடியோவின் மூன்றாவது யோசனையை மனசுக்குள் அடித்துவிட்டு, "கொறச்சுன்னா?" என்று கேட்டான்.

நான்காம் நாள் மறுபடி ஒரு வாளித் தண்ணீர். கதவில் ஆறேழு தலைகள். குனிந்து பார்த்த சூடாமணி மாமியின் கொண்டையிலிருந்து ஒற்றைப் பிச்சிப்பூ நழுவித் தண்ணீரில் விழுந்தது. நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிற்று. பிறகு, வழி விசாரித்துத் தெரிந்துகொண்டதுபோல், மூலையைப் பார்த்து மெல்ல நகரத் தொடங்கியது.