வவுனியாவில் தங்கிவிட்ட துடிப்பு

மார்கிறட் ஏறிய பஸ் பத்து நிமிடம் பிந்தினால், அவளுடைய புருஷன் யாக்கோப்பின் இதயம் அடிப்பது முல்லைத்தீவுக் கரையில் அரை மைல் தூரத்துக்குக் கேட்கும். இரண்டாயிரத்து ஒன்பதில், போர் முடிந்த நாட்களில், ஓமந்தைச் சோதனைச்சாவடிச் சனநெரிசலுக்குள், தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று அவன் அவளுடைய கையை விட்டான். அந்தக் கையைத் திரும்பப் பிடிக்கப் பதினொரு மாதமானது. முகாமில் அவளைக் கண்டபோது அவன் அழவுமில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு, அவள் கருவாட்டுப் பெட்டியோடு வவுனியாச் சந்தைக்குப் போன முதல் நாள்தான் சத்தம் தொடங்கியது. யாரோ மா இடிக்கிறார்கள் என்று அயலவர்கள் நினைத்தார்கள். பிறகு பழகிவிட்டது. சத்தம் கேட்டால் பஸ் பிந்துகிறது என்று அறிந்து பெண்கள் உலை வைப்பதைத் தள்ளிப்போட்டார்கள், கடைக்காரர் கடையைப் பூட்டாமல் இருந்தார். மார்கிறட் படலையைத் திறந்ததும் அது நின்றுவிடும். வந்திட்டியோ என்றுகூட யாக்கோப்பு கேட்பதில்லை. ஆனால் ஒழுங்கை முகப்பில் அந்தச் சத்தம் காதில் விழுந்தவுடன் மார்கிறட் வேண்டுமென்றே நடையைக் குறைப்பாள். அவன் தன்னோடு கதைக்கும் ஒரே கதை அதுதான் என்று அவளுக்குத் தெரியும். பதின்மூன்று வருடம் இப்படிப் போனது.

போன வருடம் யாக்கோப்பு களப்பில் இடுப்பளவு தண்ணீரில் மயங்கி விழுந்தான். வவுனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரேமிளா டொக்டர் படத்தைக் காட்டி, இதயச் சுவரில் நெல்மணி அளவில் ஒரு தழும்பு இருக்கிறது, பிழையான துடிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது, விட்டால் ஒருநாள் ஆளையே கொண்டுபோய்விடும் என்றார். அதைச் சுட்டு அழிக்கிற ஒரு புது மெஷின் பரீட்சார்த்தமாக வந்திருந்தது.

"வெட்டுறேல்லை, குத்துறேல்லை அம்மா. வயித்துப் பிள்ளையைப் பாக்கிற ஸ்கான் மாதிரி, காதுக்குக் கேளாத சத்தம். அதைப் பல பக்கத்தாலயும் அந்த ஒரு இடத்தில குவிச்சா, அந்த இடம் மட்டும் வெந்துபோம். தோலுக்கும் எலும்புக்கும் ஒண்டும் ஆகாது."

"பஸ் பிந்தினா அடிக்கிற அந்தச் சத்தமும் நிண்டிடுமோ?"

"ஓம், முழுக்க நிண்டிடும்."

மார்கிறட் படத்தில் அந்தத் தழும்பைத் தேடிப் பார்த்தாள். அவனுக்குள் தனக்கென்று இருப்பது அந்த நெல்மணி மட்டும்தான். அது போனால் ஆள் மிஞ்சுவான். "அப்ப சுடுங்கோ," என்றாள்.

ஏழாம் அறையில் இரண்டு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. யாக்கோப்பு எழும்பிச் சேட்டுப் போட்டுக்கொண்டு பிளேன்ரீ கேட்டான். சுட்ட துடிப்பு எங்கே போனது என்று எழுதப் படிவத்தில் இடமிருக்கவில்லை. தோடம்பழத்தோடு நோய் பார்க்க வந்த ஊர்ச்சனம் காயத்தைக் காட்டச் சொன்னது. காட்ட ஒன்றுமில்லை. அயல்வீட்டு வீரம்மா அவன் நெஞ்சை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, நல்லாய் ஏமாத்திப் போட்டாங்கள் என்று சொல்லித் தோடம்பழத்தைத் திரும்பக் கொண்டுபோனாள்.

அடுத்த சந்தை நாளில் ஒட்டுசுட்டானில் பஸ் பழுதாகி, மார்கிறட் ஒன்றரை மணித்தியாலம் பிந்தினாள். ஒழுங்கையில் கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. யாக்கோப்பு சாப்பிட்டுவிட்டு வலை பொத்திக்கொண்டிருந்தான். "சோறு கிடக்கு," என்றான். அவள் குசினிக்குள் போய்ச் சோற்றைப் போட்டாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அப்போது போன் அடித்தது. நெளுக்குளத்துப் பிள்ளை சாரங்கா, சிகிச்சையின்போது பக்கத்தில் நின்ற தாதி; பஸ் பிந்தினால் அடிக்கும் கதையை மார்கிறட் அன்று அவளிடம் சொல்லியிருந்தாள்.

"அன்ரி, வீட்ட போய்ச் சேந்திட்டியளோ? ஏழாம் அறையில வெறுங்கட்டில் ஒண்டரை மணித்தியாலமா அடிக்குது."

"வந்திட்டன் பிள்ளை."

சாரங்கா போனைக் கட்டிலருகே பிடித்தாள். மார்கிறட் இன்னொரு முறை சொன்னாள். "நிண்டிட்டுது அன்ரி," என்றாள் சாரங்கா.

அதன் பிறகு சந்தை நாட்களில் ஏழாம் அறையில் நோயாளர்களைப் படுக்கவைப்பதில்லை. பஸ் பிந்தினால் மார்கிறட் தானே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுப்பாள், அங்கே நிற்கிற தாதி போனைத் தலையணையில் வைப்பாள். மாங்குளம் தாண்டியதையும், ரயர் காற்றுப் போனதையும், இருக்க இடம் கிடைத்ததையும் அவள் ஒன்றும் விடாமல் சொல்வாள். போன கிழமை வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்துகொண்டு போனில், "வந்திட்டன், பயப்பிடாதேங்கோ," என்று சொல்லும்போது யாக்கோப்பு பக்கத்தில்தான் இருந்தான்.

"ஆரோட கதைக்கிறாய்?" என்று கேட்டான்.

"உங்களோடதான்."

அவன் சரியென்று தலையாட்டிவிட்டு, வலையின் அடுத்த கிழிசலைப் பொத்தத் தொடங்கினான்.