சொந்தக்காரன் இல்லாத கை

ஸ்டுடியோவில் அவனுக்கு ரப்பர் என்று பெயர். போட்டோவில் எது வேண்டாமென்றாலும் சுவடில்லாமல் அழித்துவிடுவான். கல்யாண மாப்பிள்ளை காலடியில் படுத்த நாய், மணமேடைக்குப் பின்னால் கொட்டாவி விட்ட சித்தப்பா, எல்லாரும் அவன் மௌஸுக்குப் பலியானவர்கள்.

ஜிம்காரர் அழிக்கச் சொன்னது, டயர்க்கடை வைத்திருக்கும் தன் தங்கச்சி புருஷனை. ஜிம் வாசலில் மாட்டப்போகும் குடும்பப் படத்திலிருந்து.

"உடம்ப வளத்தீங்க மச்சான், மூளைக்கும் கொஞ்சம் தீனி போட்டிருக்கலாம்னு நாலு பேர் முன்னாடி சொன்னான். இனி அவன் மூஞ்சி என் செவுத்துல இருக்கக் கூடாது."

ரப்பர் படத்தைத் திரையில் பூதாகரமாகப் பெரிதாக்கினான். மாப்பிள்ளையின் தலை, கழுத்து, மார்பு என்று துண்டு துண்டாக அழித்து, பக்கத்துச் சுவரை அள்ளி மேலே பூசினான். ஒரு தடவைகூடச் சுருக்கி முழுப் படத்தையும் பார்க்கவில்லை. படம் பிரிண்டாகி, சட்டம் போட்டு, காகிதம் சுற்றி வந்துவிட்டது.

ஜிம்காரர் காகிதத்தைக் கிழித்தார். படத்தில் அவருடைய தோளில், மோதிரத்தோடு ஒரு கை. கைக்கு ஆள் எங்கேயும் இல்லை.

"இது யாரு கை?"

"உங்களோடதுதான் சார்."

"என் கை ரெண்டும் கீழ இருக்கு. எனக்கு என்ன, மூணா?"

அடுத்த நொடி ரப்பரின் வலது மணிக்கட்டு, பிரிண்ட் வெட்டும் கட்டரின் பிளேடுக்கு அடியில் இருந்தது. பிளேடு ஒட்டகத்தையே நறுக்கும் போலப் பளபளத்தது.

"சார், இந்தக் கை போனா உங்க தோள்ல இருக்கற கைய யாரு எடுக்கறது?"

ஜிம்காரர் யோசித்தார். அவருக்கு அது நேரம் பிடிக்கிற வேலை.

அதற்குள் கதவு பிய்ந்து உள்ளே விழுந்தது. வாசலில் டயர்க்கடை மாப்பிள்ளை, கையில் வீல் ஸ்பானர்.

"ஜிம் பசங்க எல்லாம் சொல்லிட்டாங்க. என்னை அழிச்ச கை எது? அத நான்தான் வெட்டுவேன்."

"முதல்ல புடிச்சது நான், மாப்ள."

"தள்ளுங்க மச்சான்."

யார் வெட்டுவது என்பதில் ஆரம்பித்தது. ஜிம்காரர் விட்ட குத்தில் மாப்பிள்ளை மூன்று லைட் ஸ்டாண்டுகளைச் சாய்த்துக்கொண்டு விழுந்தார். எழுந்து வந்தவர் ஸ்பானரைச் சுழற்ற, மச்சானின் முன்பல் ஒன்று பறந்து கேமராப் பைக்குள் விழுந்தது. சட்டம் ஒருவர் தலையில், சோபா இன்னொருவர் முதுகில். அறையில் முழுசாக மிஞ்சியது சீலிங் மட்டும்; அதிலும் ஒரு செருப்பு ஒட்டியிருந்தது. ரப்பர் மேசைக்கடியில் தன் வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்தான்.

கடைசியில் மூச்சு வாங்கி, விழாமலிருக்க மாப்பிள்ளை மச்சானின் தோளைப் பிடித்தார். அதே தோள், அதே கை, அதே மோதிரம்.

"தங்கச்சி பாத்தா ரெண்டு பேரையும் உரிச்சுடுவா, மாப்ள."

"போட்டோ எங்கன்னு வேற கேப்பா."

இருவரும் மேசைக்கடியில் குனிந்து பார்த்தார்கள்.

"டேய் ரப்பர், இப்படியே ஒண்ணு எடு. மூக்குல வழியறத அழிச்சுடு. என் பல்ல திருப்பி வச்சுடு."

எடுத்தான். ரத்தத்தைத் துடைத்தான், பல்லை நட்டான். இந்தத் தடவை படத்தைச் சுருக்கி, கைகளை எண்ணினான். நாலு. பிறகு தன்னுடையதையும் எண்ணிக்கொண்டான்.